குடலும் கல்லீரலும்

நாஞ்சில் என்னும் சொல் கலப்பையைக் குறிக்கும். அப்பெயர் பூண்ட நாஞ்சில் நாடு, குமரி மாவட்டத்தின் நெல்வளம் மிக்க பகுதியாகும். 1906ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற பேச்சிப்பாறை அணையின் நீர், கால்வாய்களின் வழியே சென்று அந்நாட்டு வயல்களை வளப்படுத்துகிறது. கால்வாய் நீரில் நஞ்சு கலந்தால் முதற்கண் கெடுவது தலைமடை வயலே அன்றோ? மனித உடலிலும் இத்தகைய கால்வாய் ஒன்று உண்டு.

குடலினின்று திரும்பும் குருதி நேரே இதயத்திற்குச் செல்வதில்லை; ஒரு பெருஞ்சிரையின் வழியே முதலில் கல்லீரலை அடைகிறது. கல்லீரல் பெறும் குருதியில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இவ்வாறு வருவதே. ஆதலின் குடலில் நிகழும் நன்மை தீமைகளை முதலில் ஏற்பது கல்லீரலாகும்.

குடலில் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் கோடானுகோடி வாழ்கின்றன. அவற்றுள் பயிர் போல்வனவும் உள. களை போல்வனவும் உள. பயறு, கீரை, காய்கனி ஆகியவற்றிலுள்ள நார்ப்பொருளை மனிதனால் தானே செரிக்க இயலாது. நல்ல நுண்ணுயிர்கள் அதனைப் புளிக்கச் செய்து, குடற்சுவரை உறுதிப்படுத்தும் அமிலங்களாக மாற்றுகின்றன. உணவில் நார் குறைந்து, சர்க்கரையும் கொழுப்பும் மிகுமாயின் களை ஓங்கும், குடற்சுவர் தளரும், நச்சுப்பொருள்கள் கசிந்து கல்லீரலைத் தாக்கும். அதனால் அழற்சி தோன்றும். இன்சுலினின் ஆற்றல் குன்றும். கல்லீரலில் கொழுப்புப் படியும். இதுவே கொழுப்பு ஈரல் நோய்.

மது அருந்துவோர்க்கே ஈரல் கெடும் எனப் பலர் கருதுவர். அஃது உண்மையன்று. 2019ஆம் ஆண்டில் சீன அறிஞர் வெளியிட்ட ஆய்வு ஒன்று வியப்பிற்குரியது. அவர்கள் ஆராய்ந்த கொழுப்பு ஈரல் நோயாளருள் ஏறத்தாழ 60 விழுக்காட்டினரின் குடலில், உணவின் சர்க்கரையைச் சாராயமாக மாற்றும் நுண்ணுயிர்கள் காணப்பட்டன. அவற்றை எலிகளுக்கு ஊட்டியபோது எலிகளுக்கும் அந்நோய் உண்டாயிற்று. மதுவைத் தீண்டாதவன் வயிற்றிலேயே மது ஊறுகிறது!

இந்நோய் தொடக்கத்தில் வலி தருவதில்லை, சிறுவரையும் விடுவதில்லை. முற்றினால் ஈரல் இறுகிச் சுருங்கும். இதன் கொடுமையை உணர்ந்த இந்திய அரசு, 2021இல் இதனையும் தேசிய நோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்தது.

முன்னாளில் நாஞ்சில் நாட்டு உழவர் காலையில் பழஞ்சி உண்டு, பகல் முழுதும் வயலில் உழைத்தனர். இரவில் நீரூற்றி வைத்த அச்சோற்றில் லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் பெருகும். காணத் துவையல், கீரைத் துவரன், பல காய் சேர்ந்த அவியல் ஆகியன நார்ப்பொருளை நல்கின. எனினும், உழைப்பின்றிச் சோற்றையே மிகுதியாக உண்பவனுக்குப் பழஞ்சியும் காவலாகாது. செலவாகாத மாவுப்பொருள் கொழுப்பாக மாறிவிடும். உணவும் உழைப்பும் இணைந்தே காத்தன.

நோயுற்றோரும் மனம் தளர வேண்டுவதில்லை. மிகை எடையுடையார் தம் எடையில் 7 முதல் 10 விழுக்காட்டைக் குறைப்பின் நோய் பெரிதும் தணியும் என்பர் மருத்துவர். வயலுக்கு இடும் எருவை ஆராய்ந்து இடுபவன் உழவன். வயிற்றுக்கு இடும் உணவையும் அவ்வாறே ஆராய்ந்து உண்ணுதல் மாணவர் இளமையிலேயே பழகத்தக்க நல்லொழுக்கமாகும்.