எலுமிச்சையில் ஒரு மின்பாடம்

ஓர் எலுமிச்சம்பழம், துத்தநாகம் பூசிய ஆணி, செம்புக் கம்பி. நாலு மாணவர்கள் கூடிச் செய்ய இதைவிட மலிவான சோதனை கிடைப்பது கஷ்டம். இரண்டையும் ஒன்றோடொன்று தொடாமல் பழத்தில் குத்தினால் மல்டிமீட்டர் ஏறக்குறைய 0.9 வோல்ட் காட்டும்.

சிவப்பு எல்.இ.டி.க்கு 2 வோல்ட் அளவில் வேண்டும். எனவே ஒரு பழத்தின் ஆணியை அடுத்ததன் செம்போடு இணைத்து, நான்கைத் தொடராகக் கோர்க்கிறார்கள். அப்படியும் எரியவில்லையா? எல்.இ.டி. திரும்பியிருக்கும், நீளக் கால் செம்புப் பக்கம் வர வேண்டும்.

டார்ச் பல்பு மட்டும் மசியாது. வோல்ட் இருந்தும், மின்னோட்டம் ஓரிரு மில்லி ஆம்பியர் தேறினாலே அதிகம். பாடப்புத்தகத்தில் குழப்பிய வோல்ட், ஆம்பியர் வித்தியாசம் இங்கேதான் பிடிபடுகிறது.

பழத்துக்குள் மின்சாரம் இருப்பதாகப் பலர் நினைப்பதுண்டு. உண்மையில் எலக்ட்ரான்களைத் தருவது கரையும் துத்தநாகம். 1800-ல் விஞ்ஞானி வோல்ட்டா உப்புநீரில் நனைத்த துணியை வைத்துச் செய்ததும் இதே வேலைதான்.