பழைய பைப் நட்டு கழலலையா? பலத்தைக் காட்டாதீங்க, காரணத்தைப் பாருங்க

இன்னைக்குக் கொஞ்சம் அழுக்கான விஷயம் பேசப்போறோம்: வாஷ்பேசினுக்கு அடியில இருக்கிற, கழலவே கழலாத அந்தப் பழைய நட்டு.

நான் இருக்கிறது திருச்சி தில்லை நகர்ல. இங்க ஒவ்வொரு கிராஸா நடந்தா, பழைய தனி வீடுகள் பல கிளினிக்கா, ஆபீஸா, மாடி போர்ஷனா மாறியிருக்கிறதைப் பார்க்கலாம். சுவர்ல பெயின்ட் புதுசா இருந்தாலும், பல வீட்டுல கழிவுநீர் போற குழாய் அந்தக் காலத்து இரும்புதான். ட்ராப் ஒழுகுதேன்னு கை வெச்சா நட்டு அசையாது. உடனே பெரிய ரெஞ்சை மாட்டி, மூச்சைப் பிடிச்சு ஒரே இழுப்பு. நட்டு அப்படியே இருக்கும், சுவருக்குள்ள இருக்கிற பைப்தான் உடையும். வாஷர் மாத்துற வேலை டைல்ஸ் உடைக்கிற வேலையாயிடும். வாடகை வீடுன்னா அது உங்க அட்வான்ஸ்லதான் கழியும்.

அதனால எவ்வளவு பலம் வேணும்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி, எது பிடிச்சிருக்குன்னு பாருங்க.

முதல் ஆள் துரு. இரும்பு துருவா மாறும்போது, முன்னாடி இருந்ததைவிட 2 மடங்குக்கும் மேல இடம் எடுத்துக்கும். மரைக்குள்ள அது ஆப்பு அடிச்ச மாதிரி இறுகிடும். இதுக்குத்தான் டபிள்யூடி-40 மாதிரி ஸ்பிரே. 1953-ல அமெரிக்காவுல ஈரத்தை விரட்டுறதுக்காக உருவாக்கினது. 40-வது முயற்சியில சரியா வந்ததால அந்தப் பேரு. அடிச்ச கையோட திருகாதீங்க. ராத்திரி முழுக்க ஊறட்டும். நடுவுல நட்டைச் சுத்தி மெதுவா தட்டிக் கொடுத்தா எண்ணெய் உள்ள இறங்கும். நட்டை மட்டும் தட்டுங்க. பேசினோ, வார்ப்பிரும்புப் பைப்போ அடி வாங்கினா விரிசல் விட்டுடும்.

அடுத்தது உப்பு. போர் தண்ணி ஓடுற வீட்டுல மரையைச் சுத்தி வெள்ளையா படிஞ்சிருக்கும். வினிகர்ல நனைச்ச துணியைச் சுத்தி, மேல பிளாஸ்டிக் கவரைக் கட்டி, சில மணி நேரம் விடுங்க. இளகிடும்.

மூணாவது ஈயம். பழைய வார்ப்பிரும்புப் பைப்புல சணலை அடைச்சு, ஈயத்தை உருக்கி ஊத்தி இணைச்சிருப்பாங்க. அங்க மரையே கிடையாது, திருகிப் பிரயோஜனம் இல்ல. சூடு காட்டி உருக்கவும் வேணாம், ஈயப் புகை உடம்புக்கு விஷம். பிளம்பரைக் கூப்பிட்டு, மேல நிக்கிற பைப்புக்குக் கிளாம்ப் போட்டுட்டு, நேரான இடத்துல அறுத்து எடுக்கிறதுதான் வழி. பசை போட்டு ஒட்டின பிவிசி ஜாயின்ட்டும் அப்படித்தான்: கழட்ட முடியாது, அறுக்கணும்.

திருகும்போது 2 ரெஞ்ச் வேணும். ஒண்ணு சுவர்ப் பக்கத்துப் பைப்பை அசையாம பிடிக்க, இன்னொண்ணு திருக. இல்லன்னா மொத்த விசையும் சுவருக்குள்ள போயிடும். பேசினுக்கு அடியில படுத்து நிமிர்ந்து பார்க்கும்போது, கடிகாரம் சுத்துறதுக்கு எதிர்ப்பக்கமா திருகினா நட்டு கழலும். குழம்பிப்போய் இன்னும் இறுக்கிடறவங்க நிறைய பேர்.

அப்பவும் வரலையா? நட்டை ஆக்ஸா பிளேடால சாய்வா அறுங்க. அந்த வெட்டுல ஸ்க்ரூடிரைவரை நுழைச்சுத் திருப்பினா பிளந்துக்கும். நட்டு போனா போகட்டும், புதுசு வாங்கிக்கலாம். பேசினும் பைப்பும் தப்பிக்கும்.

கடைசியா, இதுல ரொம்ப முக்கியமானது. அடைப்பு எடுக்க ஆசிட் ஊத்தியிருந்தா, அது ட்ராப்புல அப்படியே தேங்கி நிக்கும். நட்டு கழன்ற நிமிஷம், கீழ படுத்திருக்கிறவர் முகத்துல கொட்டும். ஆசிட் மேல ப்ளீச்சிங் பவுடரையும் போட்டிருந்தா குளோரின் வாயு கிளம்பும், மூச்சே அடைச்சிடும். அதனால ஆசிட் ஊத்தின பைப்பை நீங்களே திறக்காதீங்க. பிளம்பர் அண்ணன் வந்ததும், அவர் ரெஞ்சை எடுக்கிறதுக்கு முன்னாடியே, என்ன ஊத்தினீங்க, எப்போ ஊத்தினீங்கன்னு சொல்லிடுங்க. கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கிட்டு, அடியில பக்கெட் வெச்சு அவர் திறக்கட்டும். அந்த ஒரு வார்த்தையை நீங்க சொல்றதுலதான் அவர் கண் இருக்கு.