ரிச்சர்ட்ஸ் துரையின் சங்கமும் பெங்களூர்த் தமிழ்க் கற்களும்

பெங்களூரில் தண்டு என்று நம்மவர் இன்றும் வழங்கும் பழைய ராணுவக் குடியிருப்பின் வடகிழக்கே ரிச்சர்ட்ஸ் டவுன் என்றொரு பேட்டை இருக்கிறது. ஒரு பூங்கா, அதைச் சூழ்ந்து மரநிழல் கவிந்த தெருக்கள், 1914 இல் தோன்றிய கிளாரன்ஸ் உயர்நிலைப் பள்ளி, ஆங்காங்கே ஓட்டுக் கூரையும் மர முகப்பும் உடைய பழைய பங்களாக்கள்: இவையே அதன் அடையாளங்கள். அங்கே நெடுங்காலம் வாழ்ந்துவரும் தமிழன்பர் சிலரை, "இந்த ரிச்சர்ட்ஸ் என்பவர் யார்?" என்று நாம் வினவியதுண்டு. "யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை" என்பதே எங்கும் கிடைத்த விடை. விடை தவறன்று, போதாது, அவ்வளவே.

எப். ஜே. ரிச்சர்ட்ஸ் சென்னை மாகாணத்து ஐ.சி.எஸ். உத்தியோகஸ்தர். சேலம் ஜில்லாவைச் சேர்ந்த நேயர்களுக்கு இவரோடு ஒரு தனி உறவே உண்டு. 1918 இல் வெளியான சேலம் ஜில்லா கெஜட்டியரை எழுதியவர் இவர்தாம். அதற்கு முன் பெங்களூரின் சிவில் மிலிட்டரி ஸ்டேஷனுக்குக் கலெக்டராக இருந்தார். 1898 இல் பெங்களூரில் பிளேக் நோய் பரவி மாந்தரைக் கொள்ளை கொண்டது. நெருக்கமான சந்துகளில் எலியும் மனிதனும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்ததே நோய் பரவக் காரணம் என்று கண்டபின், அகன்ற தெருக்களும் காற்றோட்டமும் கொண்ட புதிய குடியிருப்புகளை அமைக்கலாயினர். நகரத்தின் பக்கம் மல்லேசுவரமும் பசவனகுடியும் எழுந்தன. தண்டின் பக்கம் பிரேசர் டவுன், குக் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன் எழுந்தன. பிரேசர் டவுனுக்கு 1906 இல் அடிக்கல் நாட்டியவர் ரிச்சர்ட்ஸின் மனைவியார். ஜே. எச். ஸ்டீபன்ஸ் என்ற பொறியாளர், பிளேக் அணுகாத வகையில் ஊரை அமைப்பது எங்ஙனம் என்று ஒரு நூலே எழுதி 1914 இல் வெளியிட்டார். பிரேசர் டவுனுக்குப் பிற்காலத்தில் புலிகேசி நகர் என்று பெயர் சூட்டினர். ரிச்சர்ட்ஸ் டவுன் தன் பெயரை இன்னும் விடவில்லை.

ஆயினும் ரிச்சர்ட்ஸை நாம் நினைக்க வேண்டியது ஒரு பேட்டையின் பெயருக்காக அன்று. 1909 இல் அவர் பெங்களூரில் ஒரு சங்கம் தோன்றக் காரணமாயிருந்து அதன் முதல் தலைவரும் ஆனார். மிதிக் சொசைட்டி என்பது அதன் பெயர். பெயரைக் கேட்டு அது புராணக் கதைகள் பேசும் கூட்டம் என்று கருதிவிடலாகாது. மைசூர் நாட்டிலும் தென்னிந்தியாவிலும் வாழும் மக்களின் வரலாறு, சமயம், வழக்கங்கள், பழம்பொருள்கள் ஆகியவற்றை ஆராய்வதே அதன் நோக்கம். ரிச்சர்ட்ஸுக்குப் பின் பாதிரியார் தபார் நெடுங்காலம் தலைமை தாங்கினார். மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஆதரவு அளித்தார். இன்று நிருபதுங்க சாலை எனப்படும் வீதியில் டேலி நினைவு மண்டபம் 1917 இல் திறக்கப்பட்டு, சங்கம் நிலையான இருப்பிடம் பெற்றது.

அந்நாளில் அச்சங்கத்தின் காலாண்டு இதழில் எழுதியவர்களுள் நம்மவர் ஒருவர் உண்டு. கும்பகோணத்தை அடுத்த சாக்கோட்டையில் பிறந்து, பெங்களூர் மத்தியக் கல்லூரியில் ஆசிரியராக இருந்து, 1914 இல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் இந்திய வரலாற்றுப் பேராசிரியராகச் சென்ற டாக்டர் எஸ். கிருஷ்ணசாமி ஐயங்காரே அவர். பிழைப்பை நாடி வேற்றூர் சென்ற ஒருவர், சென்ற ஊரின் சரித்திரத்தையும் தம்முடையதாக எண்ணி உழைத்தார் என்பது நமக்கு உவகை தருகிறது.

சங்கம் தோன்றி நூறாண்டு கடந்தபின் அது மேற்கொண்ட ஒரு பணியைப் பற்றிச் சொல்லவே இவ்வளவு முன்னுரையும். 2021 இன் தொடக்கத்தில் மிதிக் சொசைட்டி, பெங்களூர்ப் பகுதியின் கல்வெட்டுகள் யாவற்றையும் தேடிக் கண்டுபிடித்து, முப்பரிமாண உருவில் பதிவு செய்யத் தொடங்கியது. தொடங்கும்போதே ஒரு பட்டியல் கையில் இருந்தது. பெங்களூரிலேயே பிறந்த பி. எல். ரைஸ் என்ற அறிஞர், மைசூர் நாட்டுச் சாசனங்களைத் தொகுத்து 'எபிக்ராபியா கர்நாடிகா' என்ற பெயரில் பல தொகுதிகளாக வெளியிட்டார். பெங்களூர் ஜில்லாவுக்குரிய ஒன்பதாம் தொகுதி 1905 இல் வந்தது. அத்தொகுதியைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்றால், நூலில் உள்ள கல் நிலத்தில் இல்லை என்பதே பல இடங்களில் காணும் காட்சி. வயலும் ஏரிக்கரையும் வீட்டுமனைகளாயின. கோயில்கள் திருப்பணி என்ற பெயரால் இடித்துக் கட்டப்பட்டன. கற்கள் அஸ்திவாரத்துக்குள் போயின, சாக்கடைக்கு மூடியாயின, துணி துவைக்கும் கல்லாயின. எவரும் பகைகொண்டு செய்ததன்று. எழுத்துத் தெரியாத கல், வெறும் கல்தானே என்ற எண்ணந்தான்.

ஹெப்பாளில் 2018 இல் மண்ணைத் தோண்டும் வேலையின்போது ஒரு வீரக்கல் வெளிப்பட்டது. கங்க மன்னன் ஸ்ரீபுருஷனின் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 750 இல், போரில் மாண்ட கித்தய்யன் என்ற வீரனுக்கு எடுத்த கன்னடக் கல் அது. பெங்களூர் நகரப் பகுதியில் காணக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துகளுள் ஒன்று, மண்வெட்டியின் ஓர் அடியில் உடைந்திருக்கலாம். ஊர் மக்களும் ஆர்வலரும் கூடி அதைக் காத்து, பின்னர் ஒரு மண்டபத்தில் நிறுத்தினர். பெங்களூர் என்ற பெயரையே முதன்முதலில் தாங்கி நிற்பதும் ஒரு வீரக்கல்தான். பேகூர் நாகேசுவரர் கோயிலில் உள்ள அக்கல், ஏறத்தாழ கி.பி. 890 இல் பெங்களூரில் நடந்த ஒரு சண்டையைக் குறிப்பிடுகிறது. ஊருக்கு அவித்த அவரையால் பெயர் வந்தது என்று சொல்லும் வல்லாள அரசன் கதைக்கு மூன்று நூற்றாண்டு முற்பட்டது இக்கல். கதையைச் சொல்லி மகிழலாம், நம்ப வேண்டியதில்லை.

இனித் தமிழுக்கு வருவோம். பெங்களூரின் பழங்கற்களில் தமிழ்க் கற்கள் பல. இதைக் கேட்டு வியப்போர் உளர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னைப் பட்டாளத்தோடு தண்டுக்கு வந்தவர்களே பெங்களூரின் முதல் தமிழர் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழர் கங்கபாடியைக் கைக்கொண்டனர். யலகங்கா நாடு தமிழ்ச் சாசனங்களில் இலைப்பாக்க நாடு ஆயிற்று. 1116 ஐ ஒட்டி ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் தலைக்காட்டை வென்று சோழர் ஆட்சியை அகற்றினான். ஆட்சி போயிற்றே அன்றித் தமிழ் எழுத்துப் போகவில்லை. பின்னர் 1254 இல் ஹொய்சள நாடு இரு மைந்தருக்கும் பங்கிடப்பட்டபோது, திருச்சிராப்பள்ளிக்கு அருகே கண்ணனூரில் இருந்து ஆண்ட வீர ராமநாதனுக்குத் தமிழ்நாட்டுப் பகுதியோடு பெங்களூர், கோலார்ப் பக்கங்களும் வந்தன. காவிரிக் கரைக்கும் இம்மேட்டு நிலத்துக்கும் இடையே ஆள் நடமாட்டம் அறாமல் இருந்தது.

காடுகோடியில் காசி விசுவேசுவரர் கோயில் கல்வெட்டு இராசேந்திர சோழன் காலத்தது, ஆண்டு 1043. பட்டந்தூர் ஏரியை மதகோடு அமைத்து, கணபதிக்கும் துர்க்கைக்கும் க்ஷேத்திரபாலருக்கும் கோயில் எடுத்த செய்தியை அது கூறுகிறது. செய்தவன் பெர்மாடி காவுண்டன் மகனான இராசராச வேளான். தந்தையின் பெயரையும் மகனின் பெயரையும் சற்றே கவனியுங்கள். தந்தை பெயர் கன்னடம். மகன் தாங்கிய பட்டம் சோழ நாட்டுத் தமிழ். இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு, 'இவ்வூர் எம்முடையது, உம்முடையது' என்று வழக்காடுவோரைக் கண்டால் நமக்கு நகைப்பே வருகிறது. பட்டந்தூர் என்ற பெயர் பட்டந்தூர் அக்கிரகாரம் என்று இன்றும் வழங்குகிறது. கணிப்பொறிக் கம்பெனிகளுக்குச் செல்லும் தமிழ் இளைஞர் எத்தனையோ பேர் நாள்தோறும் அப்பெயரைக் கடந்து போகின்றனர்.

தொம்மலூர் சொக்கநாதசுவாமி கோயிலுக்கும் நாம் சென்றோம். சொக்கநாதர் என்றதும் மதுரைச் சிவபெருமானை எண்ணிக்கொண்டு உள்ளே போவோர், சங்கு சக்கரத்தோடு நிற்கும் திருமாலைக் கண்டு திகைப்பதுண்டு. இவர் சாசனங்களில் சொக்கப்பெருமாள். ஊரின் பெயர் தொம்பலூர். தேசிமாணிக்கப்பட்டணம் என்ற வணிகப் பெயரும் அதற்கு உண்டு. அழகியார் என்பவர் இரண்டு வாயில் நிலைக்கால்கள் அளித்ததை 1270 ஆம் ஆண்டுக் கல் குறிக்கிறது. தலைக்காட்டு என்பவரும் அவர் மனைவியும் நிலம் கொடுத்தனர். 1290 இல் வீர ராமநாதன் ஊர் வருவாயிலிருந்து பத்துப் பொன் வழங்கினான். மடிவாளம் சோமேசுவரர் கோயிலில் 1247 ஆம் ஆண்டின் தமிழ்ச் சாசனம் உள்ளது. இன்று தாவரெகெரே எனப்படும் இடம் அதில் தாமரைக்கிரை. பேகூர் அதில் வேப்பூர். அரசர் பெருமையைவிட, நிலைக்கால் கொடுத்தவரும் மனைவியோடு சேர்ந்து நிலம் விட்டவரும் நம் மனத்தில் நெடுநேரம் நிற்கின்றனர்.

இவற்றைப் படிப்பது எளிதோ? தமிழ் தெரிந்தவர் எவரும் படிக்கலாம் என்று எண்ணிச் சென்று தோற்றவர்களுள் நாமும் சேர்த்தி. பழைய கல்வெட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவது அரிது. 'கல' என்று இருந்தால் அது 'கல்' ஆகலாம், 'கல' வும் ஆகலாம். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு இல்லை; இன்று நாம் எழுதும் வேறுபாடு வீரமாமுனிவர் செய்த திருத்தம் என்பர். காலும் ரகரமும் ஒரே வடிவின. ஆகவே 'கொடு' என்பதும் 'கோடு' என்பதும் கல்லில் ஒன்றே. பொருள் கொண்டுதான் பிரித்தறிய வேண்டும். வடசொற்கள் கிரந்த எழுத்தில் வரும். இவற்றோடு எண்ணூறு ஆண்டு வெயிலும் மழையும் பக்தர் தடவிய எண்ணெயும் பூசிய சுண்ணாம்பும் சேர்ந்துகொள்கின்றன.

முன்னாளில் கல்லைக் கழுவி, நனைந்த தாளை அதன்மேல் பரப்பி, தூரிகையால் தட்டி எழுத்தின் பள்ளத்துள் தாளைச் செலுத்தி, மை ஒற்றிப் படியெடுத்தனர். எழுத்து வெண்மையாகவும் மற்ற இடம் கருமையாகவும் பதியும். அம்முறை இன்றும் நன்றே. ஆனால் தேய்ந்த கல்லில் பள்ளம் இல்லாதபோது தாளுக்கு அகப்படுவது ஒன்றுமில்லை. மிதிக் சொசைட்டியார் கையாளும் கருவி கல்லின்மீது ஒளிக்கோலங்களை வீசி, அவை வளையும் தன்மையைக் கொண்டு கல்லின் மேடுபள்ளங்களை அளக்கிறது. ஒரு மில்லிமீட்டரின் சிறு பங்கு ஆழமும் தப்புவதில்லை. பிறகு கணிப்பொறித் திரையில் அக்கல்லைத் திருப்பி, நினைத்த பக்கத்திலிருந்து ஒளியைச் செலுத்திப் பார்க்கலாம். காலையிளவெயில் சாய்வாக விழும்போது மட்டும் கண்ணுக்குப் புலப்படும் எழுத்தை நள்ளிரவிலும் காணலாம் என்று சொன்னால் விளங்கும். அவ்வுருவங்களைப் பொதுமக்கள் இலவசமாகப் பார்க்குமாறு வைத்துள்ளனர். கல் நாளையே உடைந்தாலும் உருவம் எஞ்சும்.

உருவம் எஞ்சினால் போதுமா என்று கேட்பவர் உண்டு. போதாதென்றே நாமும் கருதுகிறோம். தொம்பலூர்க் கல் தொம்மலூரில் நிற்கும்போதுதான் அதில் சொல்லிய ஏரி எது, வயல் எது என்று தேட இடமுண்டு. வேறொரு குறையும் உண்டு. பெங்களூரில் பிறந்து வளரும் நம் பிள்ளைகள் பலர் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். தமிழ் எழுத்தை அறியார். கன்னடக் கல்லைத் தேடிச் செல்லும் ஊராருக்கு வழியில் ஒரு தமிழ்க் கல் எதிர்ப்பட்டால், அதை இனம் கண்டு சொல்ல அருகில் ஒரு தமிழன் இருந்தும் இல்லாதவனே. ரிச்சர்ட்ஸ் டவுனின் நிலை இதற்கு மறுபுறமானது. அது நூற்றாண்டுச் சிற்றூர். அங்கே சோழர் கல்லைத் தேடிப் பயனில்லை. அங்கே அழிந்து வருவது பங்களாக்கள். சாய்ந்த மரத்தடுப்புகள் சன்னலின்மேல் கூரைபோல் நிற்கும் 'மங்கி டாப்' வேலைப்பாட்டை இன்னும் சில ஆண்டுகளில் படத்தில்தான் காண நேரும் போலும்.

பிற மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இது பெங்களூர்ச் செய்தி மட்டும் அன்று. கோலாரம்மன் கோயிலிலும், ஆந்திரத்துத் திராட்சாராமத்திலும் தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு. சீன நாட்டுச் சுவான்சௌ துறைமுகத்திலும் 1281 ஆம் ஆண்டின் ஒரு தமிழ்க் கல் கிடைத்துளது. நீங்கள் வாழும் ஊரிலும் ஏரிக்கரையிலோ கோயிற்புறத்திலோ எழுத்துள்ள கல் ஒன்று எதிர்ப்படக் கூடும். அப்போது செய்ய வேண்டியது சிலவே. கல்லைப் பெயர்க்க வேண்டாம். அமிலம் இட்டுக் கழுவுவதும், எழுத்தின்மேல் வண்ணம் தீட்டுவதும், மணலை வீசித் துலக்குவதும் கூடா. இவற்றால் அழிந்த எழுத்துகள், வெயிலால் அழிந்தவற்றுக்குக் குறைந்தவை அல்ல. மாலைச் சாய்வெயிலில் ஒரு படம் எடுத்து, இடத்தின் பெயரும் அடையாளமும் எழுதி, தொல்லியல் துறையாருக்கு அனுப்புங்கள். பெங்களூரில் வாழ்பவர் நிருபதுங்க சாலை டேலி மண்டபத்துக்கு நேரே சென்று சொல்லலாம். போகும்போது, தமிழ் எழுத்துப் படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் உடன் அழைத்துச் செல்லுங்கள்.