ஹெல்மெட் வைசரில் ஆவி படியுதா? 'பின்லாக்' இன்சர்ட் சரியா வேலை செய்ய இதைச் செய்தாலே போதும்!

மார்கழி மாத அதிகாலை. ஏற்காட்டுக்கோ ஊட்டிக்கோ பைக்கில் ஏறிக்கொண்டிருக்கிறீர்கள். கொண்டை ஊசி வளைவு வருகிறது. வேகத்தைக் குறைக்கிறீர்கள். அடுத்த நொடியே ஹெல்மெட் வைசர் முழுக்க வெள்ளையாகிவிடுகிறது. எதிரே வருவது பஸ்ஸா, லாரியா, வெறும் சாலையா... எதுவுமே தெரியவில்லை.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பைக், ஒரு நொடியில் சுமார் 11 மீட்டர் நகர்ந்துவிடும். வைசரைத் தூக்கிவிட்டுப் பார்வை தெளிய மூன்று நொடி ஆனால், 33 மீட்டர் தூரத்தைக் கண்ணைக் கட்டிக்கொண்டு கடந்ததற்குச் சமம்.

இதைத் தவிர்க்கத்தான் பலரும் காசு செலவழித்து வைசரின் உள்பக்கம் 'ஆன்டி-ஃபாக் இன்சர்ட்' மாட்டுகிறார்கள். ஆனால் கொஞ்ச நாளிலேயே, "மாட்டியும் ஆவி படியுதே, காசு வேஸ்ட்" என்ற புலம்பல் தொடங்கிவிடுகிறது. உண்மையில் பல நேரங்களில் இன்சர்ட் கெட்டுப்போயிருக்காது. அதைக் காயவிடாமல் வைத்திருப்பதும், தப்பாகத் துடைப்பதும், சரியாகப் பொருத்தாததும்தான் காரணம்.

இன்சர்ட் எப்படி வேலை செய்கிறது? அதை எப்படிப் பராமரிப்பது? விரிவாகப் பார்க்கலாம்.

வைசரில் ஆவி ஏன் படிகிறது?

ஐஸ் வாட்டர் ஊற்றிய டம்ளருக்கு வெளியே முத்து முத்தாக வியர்க்கும் அல்லவா? அதே கதைதான் இங்கேயும். நாம் வெளியே விடும் மூச்சு வெதுவெதுப்பாகவும் ஈரம் நிறைந்தும் இருக்கும். மழையிலும் குளிர்க்காற்றிலும் வைசர் சில்லென்று ஆகிவிடும். ஈரமான மூச்சுக்காற்று அந்தக் குளிர்ந்த பரப்பில் பட்டதும், அதில் உள்ள நீராவி நுண்ணிய நீர்த்துளிகளாக மாறிவிடும். இந்தத் துளிகள் ஒளியை நாலாபக்கமும் சிதறடிப்பதால்தான் வைசர் வெள்ளையாகத் தெரிகிறது.

பைக் வேகமாகப் போகும்போது ஹெல்மெட்டின் காற்றுத் துவாரங்கள் வழியாகக் காற்று புகுந்து ஈரத்தை வெளியே தள்ளிவிடும். சிக்னலில் நிற்கும்போதும் வளைவில் வேகம் குறையும்போதும் அந்தக் காற்றோட்டம் நின்றுவிடுகிறது. அதனால்தான் சரியாக அந்த நேரம் பார்த்து வைசர் மங்குகிறது.

இன்சர்ட் என்ன செய்கிறது?

வைசரின் உள்பக்கம் பொருத்தப்படும் மெல்லிய பிளாஸ்டிக் தகடுதான் இன்சர்ட். நெதர்லாந்தைச் சேர்ந்த 'பின்லாக்' நிறுவனத்தின் தயாரிப்பு பிரபலமாகிவிட்டதால், எந்த கம்பெனி இன்சர்ட்டாக இருந்தாலும் 'பின்லாக்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். வைசரின் இரண்டு ஓரங்களிலும் இருக்கும் சின்னப் பின்கள்தான் இதைப் பிடித்துவைத்திருக்கும்.

இது இரண்டு வேலைகளைச் செய்கிறது.

முதலாவது, குளிரைத் தடுப்பது. இன்சர்ட்டின் விளிம்பைச் சுற்றி சிலிக்கோன் வரம்பு ஒன்று ஓடும். அது வைசரோடு அழுந்தி ஒட்டிக்கொள்ளும்போது இரண்டுக்கும் நடுவே மெல்லிய காற்று அடுக்கு சிக்கிக்கொள்ளும். ஃப்ளாஸ்க்கின் இரட்டைச் சுவர் போல, வெளியே உள்ள குளிரை இந்த அடுக்கு உள்ளே வரவிடாது. மூச்சு படும் பரப்பு அவ்வளவாகக் குளிராது.

இரண்டாவது, ஈரத்தைக் குடிப்பது. இன்சர்ட்டின் பரப்பு ஈரத்தைத் துளியாக நிற்கவிடாமல் உறிஞ்சிக்கொள்ளும். துளி இல்லாவிட்டால் ஒளி சிதறாது. பார்வை தெளிவாக இருக்கும்.

விஷயமே இந்த இரண்டாவது வேலையில்தான் இருக்கிறது. குளித்துவிட்டுத் துவட்டும் துண்டை நினைத்துப் பாருங்கள். காய்ந்த துண்டு ஈரத்தை இழுக்கும். நனைந்த துண்டால் எவ்வளவு துவட்டினாலும் பிரயோஜனம் இல்லை. இன்சர்ட்டும் அப்படித்தான். அது குடிக்கும் ஈரத்துக்கு ஓர் அளவு உண்டு. நேற்று குடித்த ஈரம் வெளியேறாமல் இருந்தால், இன்று புது ஈரத்துக்கு அதில் இடம் இருக்காது.

இரவில் ஹெல்மெட்டை எங்கே வைக்கிறீர்கள்?

மழையில் நனைந்து வீட்டுக்கு வந்ததும் வைசரை 'டப்' என்று மூடி, ஹெல்மெட்டை அப்படியே பையில் போட்டுக் கட்டிவைப்பது பலரது வழக்கம். பைக்கின் பெட்டியிலோ ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலோ வைத்துப் பூட்டுபவர்களும் உண்டு. இன்சர்ட் சரியாக வேலை செய்யாமல் போவதற்கு இதுவே முக்கியமான காரணம். உள்ளே இருக்கும் பஞ்சு மெத்தையில் வியர்வை, மழைத் தண்ணீர், மூச்சின் ஈரம் எல்லாம் சேர்ந்திருக்கும். மூடிவைத்தால் அந்த ஈரம் எங்கே போகும்? சுற்றிச் சுற்றி இன்சர்ட்டிலேயே தங்கும்.

அதற்குப் பதிலாக, வீட்டுக்கு வந்ததும் வைசரைத் திறந்துவிட்டு, காற்றோட்டமான நிழலில் ஹெல்மெட்டை வைத்தால் போதும். ஃபேன் ஓடும் அறை என்றால் இன்னும் நல்லது. ஆபீஸில் ஹெல்மெட்டை வைக்கும்போதும் வைசரை ஒரு விரல் அளவாவது திறந்துவைக்கலாம்.

சீக்கிரம் காயட்டும் என்று ஹேர் டிரையர் போடுவதோ, உச்சி வெயிலில் வைப்பதோ வேண்டாம். அதிகச் சூட்டில் பிளாஸ்டிக் தகடு நெளியலாம், சிலிக்கோன் பிடிப்பும் போகலாம்.

துடைக்கும்போது நடக்கும் தவறுகள்

ஈரத்தை உறிஞ்சும் பரப்பு என்பதால் இன்சர்ட் சாதாரண வைசரைவிட மென்மையானது. எளிதில் கீறல் விழும். ஈரம் குடித்திருக்கும் நேரத்தில் இன்னும் மென்மையாக இருக்கும். மழைக்கு நடுவே, கையுறை போட்ட விரலாலோ கர்ச்சீப்பாலோ உள்பக்கம் அழுத்தித் துடைத்தால் நிரந்தரக் கோடு விழுந்துவிடும்.

கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரே, ஸ்பிரிட், சானிடைசர், தின்னர், பெட்ரோல் ஆகியவற்றை இன்சர்ட் பக்கமே கொண்டுபோகக் கூடாது. டிஷ்யூ பேப்பரும் வேண்டாம்.

'பாத்திரம் கழுவும் லிக்விடைத் தடவினால் ஆவி படியாது', 'ஷேவிங் க்ரீம் தடவுங்கள்' போன்ற டிப்ஸ் சமூக வலைத்தளங்களில் ஏராளமாகக் கிடைக்கின்றன. இதெல்லாம் இன்சர்ட் இல்லாத வெறும் வைசருக்கு, கொஞ்ச நேரப் பலனுக்காகச் சொல்லப்படுபவை. இன்சர்ட் மீது இவற்றைப் பூசிவிட்டால், ஈரம் உறிஞ்சும் பரப்பை நாமே மூடிவிட்டது போலாகும். ஆன்டி-ஃபாக் ஸ்ப்ரேவும் இதே கணக்குதான்.

சரியான முறை என்ன?

• வைசரை ஹெல்மெட்டில் இருந்து கழற்றி, அதிலிருந்து இன்சர்ட்டையும் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

• வெதுவெதுப்பான தண்ணீரில் மைல்டான சோப்பு ஒரு சொட்டு போதும். மென்மையான மைக்ரோஃபைபர் துணியை அதில் நனைத்து, அழுத்தாமல் ஒற்றி எடுங்கள்.

• சோப்பு கொஞ்சமும் மிச்சமில்லாமல் நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

• தேய்த்துத் துடைக்காமல் நிழலில் தானாகக் காயவிடுங்கள். முழுதாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள்.

இதை அடிக்கடி செய்ய வேண்டியதில்லை. கண்ணுக்கு அழுக்கு தெரியும்போது செய்தால் போதும். சும்மா சும்மா கழற்றி மாட்டினால் சிலிக்கோன் வரம்புதான் தேயும்.

மாட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

புது இன்சர்ட்டில் பாதுகாப்புக்காக மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டப்பட்டிருக்கும். அதை உரிக்க மறந்துவிட்டு, "புதுசே வேலை செய்யல" என்று கடைக்குப் போகிறவர்களும் உண்டு. தாள் இருக்கும்வரை ஈரம் உறிஞ்சும் பரப்பு மூடியேதான் இருக்கும்.

சிலிக்கோன் வரம்பு உள்ள பக்கம் வைசரைப் பார்த்து இருக்க வேண்டும். மாட்டுவதற்கு முன் வைசரின் உள்பக்கத்தையும் சிலிக்கோனையும் தூசி இல்லாமல் துடைத்துவிடுங்கள். ஒரு தலைமுடி நடுவில் சிக்கினால்கூட அந்த இடத்தில் இடைவெளி விழும்.

வைசரின் வளைவை இரண்டு கைகளாலும் மெதுவாக விரித்துப் பிடித்து, இன்சர்ட்டின் ஒரு ஓரத்தை ஒரு பின்னிலும், மறு ஓரத்தை அடுத்த பின்னிலும் உட்காரவைத்து, வைசரை விடுங்கள். வைசர் பழைய வளைவுக்குத் திரும்பும்போது இன்சர்ட் இழுபட்டு ஒட்டிக்கொள்ளும்.

இப்போது வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சிலிக்கோன் கோடு எங்கேயும் விட்டுப்போகாமல் சுற்றிலும் வைசரோடு ஒட்டியிருக்க வேண்டும். லேசாகத் தொட்டு அசைத்தால் இன்சர்ட் நகரக் கூடாது.

நகர்கிறதா? பல வைசர்களில் அந்தப் பின்களையே திருப்பி இறுக்கத்தைக் கூட்டலாம். பின்னின் மையம் ஒருபக்கமாகத் தள்ளியிருப்பதால், திருப்பும்போது இன்சர்ட் மீதான அழுத்தம் மாறும். இரண்டு பக்கமும் சம அளவில், கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். ஒரேயடியாக இறுக்கினால் தகடு நெளிந்து காட்சி கோணலாகத் தெரியும். எந்தப் பக்கம் திருப்புவது என்பது ஹெல்மெட்டோடு வரும் கையேட்டில் இருக்கும்.

எங்கே ஆவி படிகிறது என்று பாருங்கள்

கோளாறு என்ன என்பதை ஆவி படியும் இடமே சொல்லிவிடும்.

வைசருக்கும் இன்சர்ட்டுக்கும் நடுவே ஆவியோ தண்ணீரோ தெரிந்தால், சிலிக்கோன் எங்கோ விட்டிருக்கிறது என்று அர்த்தம். கழற்றி, இரண்டையும் காயவைத்து, சுத்தம் செய்து மீண்டும் மாட்ட வேண்டும். தேவைப்பட்டால் பின்களை இறுக்கலாம்.

இன்சர்ட்டின் உள்பரப்பிலேயே, அதாவது முகத்தின் பக்கம் ஆவி படிந்தால், அது ஈரம் குடித்து நிரம்பியிருக்கலாம். அல்லது எண்ணெய்ப் பசை, சோப்பு படிந்திருக்கலாம். முதலில் ஓர் இரவு முழுக்கக் காயவிட்டுப் பாருங்கள். சரியாகவில்லை என்றால் கழுவிப் பாருங்கள்.

இன்சர்ட் மூடாத ஓரங்களில் மட்டும் ஆவி படிந்தால், பயப்பட ஒன்றுமில்லை. அங்கே வெறும் வைசர்தான் இருக்கிறது.

மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் ஒன்றை மறந்துவிடக் கூடாது. இன்சர்ட் வைசரை மட்டும்தான் காப்பாற்றும், மூக்குக்கண்ணாடியை அல்ல. காற்றுத் துவாரங்களைத் திறந்துவைப்பதும், மூச்சைக் கீழ்நோக்கித் திருப்பும் மூக்கு மறைப்பை ஹெல்மெட்டில் பொருத்துவதும் அவர்களுக்குக் கைகொடுக்கும். மழை வந்தாலும் தாடைப்பக்கத் துவாரத்தை முழுதாக மூடிவிட வேண்டாம். இன்சர்ட்டின் பாரத்தைக் குறைப்பது காற்றோட்டம்தான்.

எப்போது மாற்ற வேண்டும்?

கழுவிக் காயவைத்த பிறகும் பால் போல மங்கலாகத் தெரிவது, பார்க்கும் இடத்தில் கீறல்கள் சேர்ந்திருப்பது, சிலிக்கோன் காய்ந்து விறைத்துப் பிய்ந்திருப்பது... இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் புதிது மாற்றுவதே நல்லது.

இரவில் எதிரே வரும் வண்டியின் ஹெட்லைட் இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, கீறல்களில் பட்டு வெளிச்சம் கோடு கோடாகச் சிதறினாலோ தள்ளிப்போடவே கூடாது. பகலில் பெரிதாகத் தெரியாத கீறல், இரவில் சாலையையே மறைத்துவிடும். அதேபோல, கறுப்பு நிற இன்சர்ட்டோ கறுப்பு வைசரோ இரவுப் பயணத்துக்கு வேண்டாம்.

வாங்கும்போது உங்கள் வைசரில் பின்கள் இருக்கின்றனவா, அந்த மாடலுக்கு எந்த இன்சர்ட் பொருந்தும் என்று பார்த்து வாங்குங்கள். பின்லாக் இன்சர்ட்களில் 30, 70, 120 என்று எண்கள் இருக்கும். எண் கூடக் கூட ஆவியைத் தாங்கும் திறனும் கூடும். சமவெளியில் எப்போதாவது மழையில் ஓட்டுபவருக்கும், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பனிக்காலத்தில் ஏறுபவருக்கும் தேவை ஒன்றாக இருக்காது.

வழியில் திடீரென்று மங்கினால்?

எவ்வளவு பராமரித்தாலும் சில நேரம் இன்சர்ட் தோற்கலாம். விடாத மழை, மெதுவான டிராஃபிக், நாள் முழுக்கப் பயணம் என்று எல்லாம் சேர்ந்தால் அதன் கொள்ளளவு நிரம்பிவிடும்.

அப்போது ஓட்டிக்கொண்டே உள்பக்கம் துடைக்க முயலாதீர்கள். வேகத்தைக் குறைத்து, வைசரைக் கொஞ்சமாகத் திறந்து காற்று உள்ளே வரட்டும். அதற்கும் தெளியவில்லை என்றால், இண்டிகேட்டர் போட்டு பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டுங்கள். ஹெல்மெட்டைக் கழற்றி, வைசரைத் திறந்துவைத்து, ஒரு டீ குடித்து முடிக்கும் நேரமாவது காற்றாடவிட்டுக் கிளம்பலாம்.

வைசரை முழுதாகத் தூக்கிவிட்டு மழையில் ஓட்டுவது தீர்வே இல்லை. கண்ணில் அறையும் மழைத்துளியோ பூச்சியோ, மங்கிய வைசரைவிட மோசமாகத் தடுமாறவைக்கும்.

மழைக்காலத்தில் வீட்டுக்கு வந்ததும் நனைந்த ரெயின்கோட்டை உதறிக் கொடியில் போடுகிறோம். அப்போதே ஹெல்மெட்டின் வைசரையும் திறந்துவிட்டால் போதும். மறுநாள் காலை வண்டி எடுக்கும்போது சாலை தெளிவாகத் தெரியும்.