ரேணிகுண்டா ஜங்ஷனில் பிதுங்கிய ரேம்

ரேணிகுண்டா ஜங்ஷனில் வண்டிக்குக் காத்திருந்தபோதுதான் இந்தக் கூத்து. வடித்த சோற்றைத் திரும்ப அரிசியாக்கும் வித்தைக்காரர் ஒருவர் கணினி உலகில் உண்டு. பெயர் டிகம்பைலர். மெஷினுக்கு மட்டும் புரியும் பைட்டுகளை நாம் படிக்கிற நிரலாக்கித் தருவார். மூல நிரலைத் தொலைத்துவிட்ட என் பழைய புரோகிராம் ஒன்றை அவர் தலையில் கட்டினேன். கோப்பு 12 எம்பி. மடிக்கணினியில் ரேம் 8 ஜிபி. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்று தெனாவட்டாக டீ வாங்கப் போனேன். திரும்பி வந்தால், 'அவுட் ஆஃப் மெமரி'!

அட, 12 எம்பிக்கா இந்தப் பாடு? வாருங்கள், அடுப்படிக்குள்ளேயே எட்டிப் பார்த்துவிடலாம்.

அமெரிக்காவின் என்எஸ்ஏ உளவு அமைப்பு 2019 மார்ச்சில் இலவசமாக வெளியிட்ட கீட்ரா என்ற டிகம்பைலர் கருவியை எடுத்துக்கொள்வோம். (உளவாளிகள் வீட்டுச் சமையலறை, ஓசியில்!) முன்கட்டில் ஜாவா. டிகம்பைல் செய்வது மட்டும் பின்கட்டில், சி++-இல் எழுதிய தனி ஆள். இருவருக்கும் இலை தனித்தனி. ஜாவாவிடம் அளவு சொல்லாமல் விட்டால், ஹீப் என்கிற தன் நினைவகக் கிடங்குக்கு ரேமில் கால் பங்குதான் எடுத்துக்கொள்ளும். 8 ஜிபி என்று மார்தட்டினேனே, அது 2 ஜிபி!

பின்கட்டில் இன்னும் வேடிக்கை. 64 பிட் ஏஆர்எம் கட்டளை ஒன்று 4 பைட். உள்ளே போனதும் சிறுசிறு செயல்களாக உடையும். எந்த மதிப்பு யாரிடமிருந்து வந்தது, யாருக்குப் போனது என்று ஒவ்வொன்றுக்கும் சுட்டிகள். சுட்டி ஒன்றுக்கு 8 பைட். பதினைந்து சேர்ந்தாலே 120. அதற்குள் 30 மடங்கு ஊதியாயிற்று. மாறிக்குப் பெயர்கூட இன்னும் வைக்கவில்லை.

தலையை நிமிர்த்தினால் மிச்சப் பாடம் எதிரிலேயே கிடக்கிறது! அரக்கோணம், கடப்பா, கூடூர், திருப்பதி என்று நாலு பக்கத்துத் தண்டவாளமும் கூடுகிற ஊர் இது. ஒற்றைப் பாதையில் வண்டி எங்கிருந்து வந்தது என்று கேட்கவே வேண்டாம்; ஜங்ஷனில் கேட்டாக வேண்டும். நிரலில் கிளைகள் கூடும் இடமும் அப்படித்தான்: இந்த மாறியின் மதிப்பு எந்தக் கிளை வழியாக வந்தது என்று குறித்து வைத்தே மாளாது. நூற்றுக்கணக்கில் 'கேஸ்' உள்ள ஒரே ஒரு ஸ்விட்ச் போதும், பானை பொங்கிவிடும். ஒரு ஃபங்ஷனுக்கு 30 நொடி, திருப்பித் தரும் விடைக்கு 50 எம்பி என்று கீட்ரா முன்கூட்டியே கடிவாளம் போட்டிருப்பது சும்மாவா?

ஆக, கோப்பின் அளவைப் பார்த்து உலை வைக்கக் கூடாது. இருப்பதிலேயே பெரிய ஃபங்ஷனைத் தனியாக ஓட்டி, ரேம் ஏறும் உச்சத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் எத்தனை ஆள் வேலை செய்கிறார்களோ அத்தனையால் பெருக்குங்கள். ஜாவாவின் பங்கைக் கூட்டுங்கள். நான் நாலு ஆளை ஏவியிருந்தேன். ஒருவராகக் குறைத்தேன், வண்டி வருவதற்குள் முடிந்தது!

அடுத்தவர் புரோகிராமில் கை வைப்பதாக இருந்தால் மட்டும், 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவை முதலில் ஒருமுறை படித்துவிடுங்கள்.