ஸ்கூபா டைவிங்கில் மூச்சை ஏன் அடக்கக் கூடாது?

தண்ணீரில் தலை மூழ்கினால் மூச்சை அடக்குவதுதான் நம் பழக்கம். நாற்பது வயதில் புதுச்சேரிக் கடலில் ஸ்கூபா கற்க இறங்குபவருக்கோ முதல் பாடமே நேர்மாறானது: மூச்சை நிறுத்தாதீர்கள்!

ஏன்? கொடைக்கானலுக்குச் சிப்ஸ் பாக்கெட் கொண்டுபோயிருக்கிறீர்களா? மலை ஏற ஏற அது உப்பும். வெளியே காற்றழுத்தம் குறைவதால் உள்ளே அடைபட்ட காற்று விரிகிறது.

கடலில் இது இன்னும் வேகம். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல இரு மடங்கு. வாயில் கவ்வியிருக்கும் காற்றுக் கருவியான ரெகுலேட்டர் அதே அழுத்தத்தில் காற்றைத் தருவதால்தான் அங்கே மூச்சிழுக்க முடிகிறது. அந்த மூச்சை அடக்கியபடி மேலே வந்தால்? உள்ளே அடைபட்ட காற்று இரு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் கிழியலாம், காற்றுக் குமிழிகள் ரத்தத்தில் கலந்து மூளைவரை போகலாம்.

மேற்பரப்பை ஒட்டிய கடைசி சில மீட்டர்களில்தான் காற்று மிக வேகமாக விரிகிறது. ஆகவே நீச்சல்குளப் பயிற்சியிலும் இதே விதிதான். ரெகுலேட்டர் வாயிலிருந்து நழுவினாலும், அதைத் தேடி எடுக்கும்வரை சிறு குமிழிகளாகக் காற்றை விட்டுக்கொண்டே இருக்கப் பழக்குகிறார்கள்.