புயலுக்கு முன் கைப்பேசியைத் தயார் செய்யுங்கள்



2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது தானே புயல். மின்கம்பங்கள் சாய்ந்து, கடலூர் மாவட்டத்தின் பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. அம்மாவட்டத்தின் செம்மங்குப்பம் பக்கத்து நேயர்கள் மழைக்காலத்துக்கு முன்பே இவற்றைத் தெரிந்துவைத்துக்கொள்ளலாம்.

புயல் எச்சரிக்கை வந்ததும் கைப்பேசி, பவர் பேங்க் இரண்டிலும் முழுதாகச் சார்ஜ் ஏற்றுங்கள். மின்சாரம் போனதும் திரை வெளிச்சத்தைக் குறையுங்கள். சிக்னல் இல்லாவிட்டால் கைப்பேசி டவரைத் தேடித் தேடியே பேட்டரியைத் தீர்த்துவிடும்; அப்போது ஏரோபிளேன் மோடில் வையுங்கள். சிக்னல் குறைவாக இருந்து அழைப்பு கிடைக்காதபோதும் குறுஞ்செய்தி போய்ச் சேர வாய்ப்புண்டு. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சச்செத்' செயலியில் எச்சரிக்கைகள் வரும். மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077. இப்போதே பதிந்துவைத்துக்கொள்ளுங்கள்!